முப்பத்தேழாம் எண் அட்டை

வண்டிக்காரர் செண்பகராஜ் வெண்டைக்காயைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் மகிழினி வாசலில் நின்று காது கொடுத்தாள். காயை அவள் தொடவில்லை. நுனியை ஒடித்துப் பார்க்கிற வழக்கமெல்லாம் போய் இருபது வருடமாகிறது.

“எப்பப் பறிச்சது?”

“நேத்துக் காலையில. இல்ல, நேத்து நான் கயத்தாறுக்குப் போயிட்டேன்லா? அப்ப முந்தாநாள் சாயங்காலம். எம் பொண்டாட்டிதான் பறிச்சா. கை அரிக்குன்னு சண்டை போட்டா. இல்லையே, அந்தச் சண்டை வேற எதுக்கோ.”

“அரைக் கிலோ போடுங்க.”

போன வாரம் ஒரு புது வண்டிக்காரன் வந்தான். ‘நேற்று மாலை ஐந்தரை மணி, தெற்குத் தோட்டம், மூன்றாம் பாத்தி’ என்று மூச்சு விடாமல் சொன்னான். தெருவே கதவைச் சாத்திக்கொண்டது.

2087-ல் கோவில்பட்டியில் மட்டுமல்ல, எல்லா ஊரிலும் இப்படித்தான் வாங்குகிறார்கள். ஒப்பச்சு வந்த பிறகு, அதாவது வயதானவர்கள் இன்னும் அட்டாமிக் பிரிண்டர் என்று சொல்லும் அந்த இயந்திரம் வந்த பிறகு, பொருளைப் பார்த்து எதுவும் தெரிந்துகொள்ள முடியாமல் போனது. வெண்டைக்காயின் பிசுபிசுப்பு, பழைய காகிதத்தின் மஞ்சள், நூறு வருடத்து மையின் வெடிப்பு எல்லாம் அணு அணுவாக அச்சில் வரும். எந்த ஆய்வகமும் அசலையும் நகலையும் பிரித்துச் சொல்ல முடியாது. பிரிக்க முடிந்தது ஒன்றைத்தான். பொருளோடு வாழ்ந்தவர் பேசும்போது தடுமாறுவார். கதை தயாரித்தவர் தடுமாற மாட்டார். அதை அளக்கத் தடுமாற்ற மானி என்று ஒரு கருவி வந்தது. அதன் முள் ஆடினால் பேச்சு உண்மை, ஆடாமல் நின்றால் மனப்பாடம்.

“மணி பத்தரை ஆச்சு. ஏலம் பதினோரு மணிக்கு. நீ வெண்டைக்காய்க்குக் கதை கேட்டுட்டு நிக்க!” உள்ளிருந்து கணவர் ருத்ரன் சத்தம் போட்டார்.

காற்றாலைகளைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். குரல் இன்னும் கோபுர உச்சியிலிருந்து கீழே கத்துகிற அளவில்தான் இருந்தது.

“வாரேன். ஏலம் எங்கயும் ஓடிராது.”

“ஏலம் ஓடாது. சாயங்காலம் அஞ்சு மணி ஓடிரும்.”

அது உண்மை. அன்று மாலை ஐந்து மணியோடு மூலப் பட்டியலின் ஆக்கிப் பிரிவை மூடுகிறார்கள்.

பெருங்கலப்பு என்று பாடப்புத்தகங்கள் சொல்லும் அந்தப் பதினைந்து வருடங்களில் ஆளாளுக்குப் பழைய காணொளிகளையும் செய்தித்தாள்களையும் உண்டாக்கித் தள்ளினார்கள். பிறக்காத வீரர்களுக்கு ரசிகர் மன்றம் இருந்தது. நடக்காத போட்டிகளுக்கு வெற்றி விழா நடந்தது. கடைசியில் ஆவணகம் எல்லாவற்றையும் துடைத்துப் போட்டுவிட்டு மூலப் பட்டியல் என்று ஒன்றிலிருந்து எழுத ஆரம்பித்தது. ஒருவர் விளையாடினார் என்று எழுத இரண்டு வேண்டும். அந்தக் காலத்துப் பொருள் ஒன்று. அந்தப் பொருளோடு வாழ்ந்த வெளியாள் ஒருவரின் சொல். விளையாடியவர் சொல் செல்லாது. கணவன், மனைவி, கூட ஆடியவர் சொல்லும் செல்லாது.

மகிழினிக்கு எழுபத்தோரு வயது. 2036-ல் கோவில்பட்டி தீக்குச்சிகள் என்ற பெண்கள் ஆக்கி அணிக்குக் கோல்கீப்பர். பட்டியலில் அந்த அணியில் பத்துப் பெயர் ஏறிவிட்டது. கோல்கீப்பர் என்ற சொல்லுக்கு எதிரே மட்டும் ஒரு கோடு. அவள் விளையாடியதற்கு மிஞ்சியிருப்பது, இரட்டைத்தேர் மார்க் கடலைமிட்டாய்ப் பாக்கெட்டுக்குள் வைத்துக் கொடுத்த வீராங்கனை அட்டைகள்தான். அதில் முப்பத்தேழாம் எண் அவளுடையது. அதுவும் அட்டையில் முகமூடியும் தலைக்கவசமும்தான் தெரியும், முகம் தெரியாது. வீட்டில் ஒரு அட்டைகூட இல்லை. தன் படத்தைத் தானே சேர்த்து வைக்க அந்த வயதில் யாருக்குத் தோன்றும்?

சம்பிரதாயத்துக்காக ஒரு முறை ஆவணகத்தில் அவளையும் பேசச் சொன்னார்கள். இறுதியாட்டம், அரியலூர் அணி, கடைசி நிமிடம், கீப்பருக்கு நேர் எதிரே ஒருத்தி மட்டும் நின்று அடிக்கும் பெனால்டி ஸ்ட்ரோக், அதைத் தான் தடுத்தது என்று இத்தனை வருடமாகச் சொன்னதைச் சொன்னாள். முள் அசையவில்லை. “படிச்சுட்டு வந்தீங்களாம்மா?” என்று கேட்டார் அலுவலர்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரு குழப்பம். பெருங்கலப்புக் காலத்தில் அந்த ஸ்ட்ரோக்குக்கு இரண்டு காணொளிகள் வந்தன. ஒன்றில் அவள் தடுக்கிறாள். இன்னொன்றில் பந்து வலைக்குள் போகிறது. இரண்டும் தெளிவு. கோப்பை கோவில்பட்டியிலும் இருக்கிறது, அரியலூரிலும் இருக்கிறது. கூட ஆடியவர்களில் மூன்று பேர் ஜெயித்தோம் என்கிறார்கள். இரண்டு பேர் தோற்றோம் என்கிறார்கள். கேப்டன் ஆராதனா, அன்று மழை கொட்டி ஆட்டமே நடக்கவில்லை என்று சத்தியம் செய்கிறாள். பட்டியலில் அந்த ஆட்டத்துக்கு நேரே ‘முடிவு உறுதிப்படவில்லை’ என்றிருக்கிறது.

ருத்ரனுக்கு மட்டும் குழப்பமே இல்லை. “தடுத்தே. வீடியோவுல கண்ணாடி மாதிரி தெரியுது.”

“பந்து உள்ள போற வீடியோவும் கண்ணாடி மாதிரிதாங்க தெரியுது.”

“அது அரியலூர்க்காரன் செஞ்சது.”

“இது யாரு செஞ்சது?”

“இது நடந்தது!”

*

பதினோரு மணிக்குக் கூடத்துச் சுவர்த்திரை விழித்துக்கொண்டது. முப்பத்தேழாம் எண் அட்டைகள் மூன்று அன்று ஏலத்துக்கு வந்தன. வாங்குபவரின் பெயரும் முகமும் விற்பவருக்குத் தெரியாது. குரலும் ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத பொதுக்குரலாக மாறித்தான் போகும். ஏலத்தில் ஒரு படி ஏற்றினால் விற்பவரிடம் ஒரு கேள்வி கேட்கலாம். இது மானிக்கு மேலே மனிதர்கள் வைத்துக்கொண்ட இரண்டாவது சல்லடை. ஏனென்றால் தடுமாறக் கற்றுக்கொடுக்கும் வகுப்புகள் இப்போது வந்துவிட்டன. கள்ள அட்டை விற்பவர்கள் அங்கே போய்த் திக்கப் பழகுகிறார்கள்.

முதலில் சென்னையிலிருந்து கோகுல்நாத் என்பவர். அறுபது வயதிருக்கும். அட்டை அவர் உள்ளங்கையில் இருந்தது. ஓரத்தில் கடலைமிட்டாயின் எண்ணெய்க் கறை.

“அன்னிக்கு நான் எங்கப்பா மடியில உக்காந்திருந்தேன். அப்பா கோடு போட்ட சட்டை... இல்ல, கட்டம்... மன்னிச்சுக்குங்க, கண்ணு கலங்குது. கடைசி நிமிஷம். கீப்பர் அக்கா இடது பக்கம் பாஞ்சாங்க. பந்து கையுறையில பட்டுச்சு பாருங்க, சூறைத்தேங்காய் உடைச்ச மாதிரி ஒரு சத்தம். அப்புறம் உலகமே அமைதியாயிடுச்சு. அவங்க மூச்சு மட்டும்தான் கேட்டுச்சு.”

முள் பச்சையில் ஆடியது. ருத்ரன் எழுந்தே நின்றுவிட்டார். கண்ணில் தண்ணீர்.

“மகி! பாத்தியா! ஒரு எழுத்து மாறல!”

“ஆமா.”

“அப்ப ஏத்து. ஏன் உக்காந்திருக்க?”

“ஒரு எழுத்து மாறலங்க. அதான் உக்காந்திருக்கேன்.”

அவள் ஒரு படி ஏற்றிக் கேட்டாள். “நீங்க எங்க உக்காந்திருந்தீங்க?”

“கேலரியில. மேல் வரிசை.”

இன்னொரு படி. “அங்க கீப்பரோட மூச்சு கேட்டுதா?”

“அப்படி ஒரு அமைதிங்க.”

மகிழினி கையை எடுத்துவிட்டாள். தலைக்கவசத்துக்குள் இருப்பவளுக்கு மட்டும்தான் அந்த மூச்சு கேட்கும். இந்த ஆள் மேல்வரிசையில் உட்கார்ந்து அவள் மண்டைக்குள்ளிருந்து ஆட்டம் பார்த்திருக்கிறான். அவள் பேட்டிகளிலும், பள்ளிக்கூட விழாக்களிலும், கல்யாண வீடுகளிலும் சொன்னதையெல்லாம் பொறுக்கியெடுத்துக் கோத்து அவளுக்கே விற்கிறான்.

“என் கதையையே எங்கிட்ட விக்கான்.”

“கதை உண்மைன்னா அட்டையும் உண்மையா இருக்கலாம்லா?”

“எனக்கு அதான் புரியல. இவன் சொல்றது பொய்னு எனக்குத் தெரியுது. ஆனா இவன் சொல்றதும் நான் சொல்றதும் ஒண்ணு.”

ருத்ரன் உட்கார்ந்தார்.

இரண்டாவது ஆளோடு நேரம் போகவில்லை. அவரிடம் முப்பத்தேழாம் எண்ணில் மட்டும் பதினோரு அட்டைகள் இருந்தன. “ஒரு மனுசனுக்கு இத்தனை பாக்கெட் மிட்டாய் திங்கப் பல்லு வேண்டாமா?” என்றாள் மகிழினி. அதற்குள் அவரிடமிருந்து ஒரு தனிச் செய்தி வந்து விழுந்தது. ஏலத்துக்கு வெளியே பேசிக்கொள்வோம், பாதியில் முடித்துத் தருகிறேன் என்று. ஏலத்தை விட்டு வெளியே கூப்பிடுகிறவன் பின்னால் போனால் மானியும் கிடையாது, முறையீடும் கிடையாது. அவள் அதை அழித்தாள்.

மூன்றாவது ஆள் கழுகுமலையிலிருந்து சர்மிதா. ஐம்பத்தொன்பது வயது என்று போட்டிருந்தது. திரையில் வந்தபோது சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அட்டை முறத்தின் ஓரத்தில் சாய்ந்து நின்றது. தலைக்கவசத்தின் மேல் யாரோ நீலப் பேனாவால் பெரிய மீசை வரைந்திருந்தார்கள். கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு ஓட்டை.

“சேதம்,” என்றார் ருத்ரன். “இதை விட்டுரு.”

“இருங்க. பேசட்டும்.”

“என்ன சொல்லணும்?” சர்மிதா யாரையோ பார்த்துக் கேட்டாள். “எம் மகதான் போடச் சொன்னா. இது மிட்டாய்ல வந்தது. பாகு ஒட்டியிருந்துச்சா, நான் நக்கிட்டேன். அதான் ஓரம் வெளுத்திருக்கும். அப்ப எனக்கு எட்டு வயசு. இல்ல, ஏழு. ரெண்டாப்பு படிச்சேன். அப்ப ஏழுதான?”

முள் முழுசாகச் சாய்ந்து சாய்ந்து ஆடியது. அரியலூரிலிருந்து ஒருவர் ஒரு படி ஏற்றி, மீசையை அழிக்க முடியுமா என்று கேட்டார்.

“அழிக்கவா? நல்லா இருக்கீங்களே! அழுத்தி வரைஞ்சதுல்லா. அவ்வளவு ஆத்திரம்.”

அவர் விலகிக்கொண்டார். மகிழினி ஒரு படி ஏற்றினாள்.

“என்ன ஆத்திரம்?”

“பின்ன? என் சைக்கிள் மணியைப் பந்தயம் கட்டியிருந்தேன். எங்க தெருவுல ஒருத்தி இருந்தா, ஜெபான்னு. ஜெபாவா, ஜெனியா, ரெண்டு பேரும் அக்கா தங்கச்சி. நம்ம ஊருதான் ஜெயிக்கும்னு நான் கட்டுனேன். இந்த அக்கா கோட்டை விட்டுட்டா. மணி போச்சு. மணி இல்லாம ஒரு வருசம் வாயாலேயே ‘டிங் டிங்’னு சொல்லிட்டுப் போனேன் தெரியுமா?”

ருத்ரன் மகிழினியின் கையைப் பிடித்தார். “இவ உளறுதா. விட்டுரு மகி.”

மகிழினி இன்னொரு படி ஏற்றினாள். குரல் பொதுக்குரலாக மாறிப் போனது நல்லதாயிற்று. “எப்படிக் கோட்டை விட்டா?”

“எப்படின்னா... பந்து வந்துச்சு, போச்சு. எனக்கு முன்னால ஒரு தடியன் உக்காந்திருந்தான், பாதி தெரியல. கூட்டம் ‘ச்சே’ன்னுச்சு. ஏங்க, நான் ஒண்ணு கேக்கட்டா? உங்களுக்கு எதுக்கு இந்த அட்டை? நாலஞ்சு நல்ல ஆட்டக்காரிங்க அட்டையெல்லாம் இருக்கு. இவ ஒரு கோலுகூடத் தடுக்கல.”

விற்பவர் கேட்பதற்குப் பதில் சொல்லவேண்டும் என்று விதி இல்லை. மகிழினி அடுத்த படியை ஏற்றினாள். அது கடைசிப் படி. வேறு யாரும் இல்லை.

“அதுக்கப்புறம் அந்தக் கீப்பர் என்ன செஞ்சா?”

சர்மிதா வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். “அழல. அவ அழுதா நான் மன்னிச்சிருப்பேன். தொப்பியைக் கழட்டிட்டு நேரா குழாய்க்குப் போனா. கேலரிக்குக் கீழ ஒரு குழாய் இருந்துச்சு. வாயை வச்சுக் குடிச்சா. ரொம்ப நேரம் குடிச்சா. எங்கம்மா, ‘எந்திரிடி, பஸ்சு போயிரும்’ங்கா, நான் இவ எப்ப நிறுத்துவான்னு பாத்துட்டே நிக்கேன். நிறுத்தலங்க. அதோட எங்களுக்குப் பஸ்சு வந்துருச்சு.”

மகிழினியின் கன்னத்தில் இரும்பின் குளிர்ச்சி பட்டது. பட்டதா, பட்டதாக இப்போது நினைத்துக்கொண்டாளா என்று சொல்ல முடியவில்லை. கையை எடுத்துக் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். எழுபத்தோரு வயதுக் கன்னம். அதற்கு ஒன்றும் தெரியவில்லை.

அட்டை அவளுக்கு முடிந்தது.

*

ஏலம் முடிந்தால் மறைப்பு விலகி இரண்டு பக்கமும் பெயரும் முகமும் தெரியும். சர்மிதா திரையை உற்றுப் பார்த்தாள். முறம் மடியிலிருந்து சரிந்தது.

“மகிழினி... கோவில்பட்டி... ஐயோ. அக்கா, நீங்களா?”

“ஆமாம்மா.”

“நான் மீசை வரைஞ்சிட்டேனே!”

“நல்லாத்தான் இருக்கு. எங்க வீட்டுக்காரருக்கு இருந்த மீசையைவிட எடுப்பா இருக்கு.”

“நான் என்னென்னமோ சொல்லிட்டேன்க்கா. சின்னப் பிள்ளைல பாத்தது. இப்ப யோசிச்சா, முதல் பாதியில நீங்க ரெண்டு கோல் தடுத்தீங்க. அந்தக் கடைசிப் பந்துகூட உங்க கையில பட்டுதான் போச்சு. ஆமா, பட்டுச்சு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.”

சுவரின் ஓரத்தில் மானி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. முள் ஆடாமல் நின்றது.

“சர்மிதா, மாத்தாத.”

“இல்லக்கா, நிஜமாத்தான்...”

“மரியாதைக்குச் சொல்லுத. எனக்குத் தெரியும். முதல்ல சொன்னதை அப்படியே விட்டுரு. தடியன் மறைச்சதும் அப்படியே இருக்கட்டும்.”

சர்மிதா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அது அழுகையா வெங்காயமா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. “சரிக்கா. அந்த மணி... பரவால்லக்கா. வாயால சொல்லிப் பழகிருச்சு.”

அட்டையை வாங்கிப் பத்திரப்படுத்த ஏலத்தின் ஆள் கழுகுமலைக்குக் கிளம்பினார். சர்மிதாவின் முதல் பேச்சு முத்திரையிடப்பட்டு ஆவணகத்துக்குப் போனது. மூன்றரை மணிக்கு ஆவணகத்திலிருந்து இனியா என்ற அலுவலர் அழைத்தார்.

“அம்மா, பொருளும் சொல்லும் தேறிருச்சு. பட்டியல்ல வரப்போறதை வாசிக்கேன், கேளுங்க. ‘மகிழினி. கோவில்பட்டி தீக்குச்சிகள் அணியின் கோல்கீப்பர். இறுதியாட்டத்தின் கடைசி ஸ்ட்ரோக்கைத் தடுக்கவில்லை. பிறகு குழாயில் தண்ணீர் குடித்தார்.’ ஏத்துக்கிட்டா ‘இந்தச் சொல்லை ஏற்கிறேன்’னு நீங்க வாய்விட்டுச் சொல்லணும்.”

“இதுல பாதியை மட்டும் ஏத்துக்க முடியாதா?” ருத்ரன் குறுக்கே விழுந்தார். “கோல்கீப்பர்ங்கிற வரைக்கும்?”

“முடியாதுங்க ஐயா. சொல்லை வெட்டக் கூடாது. இன்னொண்ணையும் சொல்லிடறேன். இது ஏறினா அந்த ஆட்டத்தோட முடிவும் உறுதியாயிரும். அரியலூர் வெற்றின்னு போடுவோம். உங்க நகராட்சியில இருக்கிற கோப்பையை எடுக்கச் சொல்வோம். யோசிச்சு அஞ்சு மணிக்குள்ள கூப்பிடுங்க.”

அழைப்பு முடிந்ததும் ருத்ரன் கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடக்க ஆரம்பித்தார்.

“உம் பேரு ஏறணும்னா ஊரைத் தோக்கடிக்கணும். நல்லா இருக்கு நியாயம். நாளைக்குத் தெருவுல நடக்க முடியுமா? அந்த ஆராதனா வீட்டு வாசல்ல வந்து நிப்பா.”

“அவளுக்கு ஆட்டமே நடக்கலையே.”

“சிரிக்காத. வெங்காயம் உரிக்கிறவ ஒருத்தி, பாதிதான் தெரிஞ்சுதுங்கா. அவ சொல்லுக்கு நீ ஆமாங்கப் போற. அப்ப நான் நாப்பத்து நாலு வருசமா ஊர்பூரா சொன்னது என்ன? பொய்யா? கல்யாணத்துக்கு முன்னாடியே நீ எங்கிட்ட சொன்னல்லா?”

மகிழினி யோசித்தாள். அந்தக் கேள்வியை அவள் தன்னிடம் பலமுறை கேட்டுப் பதில் வராமல் விட்டிருக்கிறாள்.

“நான் சொன்னேனா?”

“பின்ன யாரு?”

“பொண்ணு பாக்க வந்தீங்கல்லா, அன்னிக்கு உங்க மாமாதான் சொன்னாரு. ‘கடைசி ஸ்ட்ரோக்கைத் தடுத்த பொண்ணு இவதான்’னு. நான் காபித் தட்டோட நின்னுட்டிருந்தேன். மறுத்துச் சொல்லல.”

“ஏன் மறுக்கல?”

“மறுக்க வேண்டியது இருந்துச்சான்னு இப்பத் தெரியலங்க. காபி ஆறுதேன்னு நினைச்சது மட்டும் தெரியுது. எல்லாரும் என்னையே பாத்தாங்க. நீங்க சிரிச்சீங்க. அப்புறம் எங்க போனாலும் அதைச் சொன்னீங்க. நானும் சொன்னேன். சொல்லச் சொல்ல நல்லா வந்துச்சு. அப்புறம் அந்த வீடியோ வந்துச்சு. அதுல நான் பாயுறதைப் பாத்துப் பாத்து, இப்பக் கண்ணை மூடினா நான் பாயுறது எனக்கு வெளியில இருந்துதான் தெரியுது. கேமரா இருந்த இடத்துலேருந்து. உள்ள இருந்தவளுக்கு அப்படியா தெரிஞ்சிருக்கும்?”

ருத்ரன் நடப்பதை நிறுத்தினார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“மகி.”

“சொல்லுங்க.”

“அந்தச் சூறைத்தேங்காய்ச் சத்தம்.”

“ம்.”

“அது நான் சொன்னது. என் தங்கச்சி கல்யாணத்துல முதல்ல சொன்னேன். எல்லாரும் கை தட்டினாங்களா, அப்படியே வச்சுக்கிட்டேன். மூச்சு மட்டும் கேட்டுச்சுங்கிறதும் நான்தான். நான் அன்னிக்கு விளாத்திகுளத்துல பரீட்சை எழுதிட்டிருந்தேன்.”

மகிழினி அவரைப் பார்த்தாள். அந்த மூச்சு தன்னுடையது என்று, தலைக்கவசத்துக்குள் கேட்டது என்று, இன்று காலை வரை அவள் சத்தியம் செய்திருப்பாள். அதை வைத்துத்தான் அந்தச் சென்னைக்காரனைப் பொய்யன் என்று பிடித்தாள்.

“அப்ப அவன் வித்தது உங்க கதை,” என்றாள் மெதுவாக.

“ஆமா.”

நான்கேகால் ஆயிற்று. மகிழினி சுவரை விழிக்கச் சொல்லி ஆவணகத்தைக் கூப்பிட்டாள்.

“ஏத்துக்கப் போறியா?” ருத்ரனின் குரலில் இப்போது சண்டை இல்லை. “உனக்கு அந்தத் தண்ணி குடிச்சது ஞாபகம் இருக்கா?”

“இல்ல. அவ சொன்னப்ப ஏதோ பட்டுச்சு. அவ சொன்னதால பட்டுச்சா, இருந்ததால பட்டுச்சான்னு கேட்டா எனக்குத் தெரியாது.”

“பிறகெதுக்கு?”

“ஜெயிச்ச மகிழினியை யார் வேணாலும் செய்வாங்க. உங்க மாமா செஞ்சாரு, நீங்க செஞ்சீங்க, வீடியோக்காரன் செஞ்சான். தோத்த மகிழினியை அரியலூர்க்காரன் செஞ்சான். தண்ணி குடிச்சுட்டே நின்ன ஒருத்தியை யாருங்க செய்வா? அதனால யாருக்கு என்ன லாபம்? அவ ஒருத்திதான் யாரும் செய்யாம இருக்கா. அவ நானா இருக்கலாம்.”

இனியா வந்தார். மகிழினி சொல்ல வேண்டியதை வாய்விட்டுச் சொன்னாள். மூன்று சொற்களுக்குள் இரண்டு முறை நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். கோடு போட்டிருந்த இடத்தில் அவள் பெயர் வந்து உட்கார்ந்தது. இறுதியாட்டத்துக்கு நேரே இருந்த ‘முடிவு உறுதிப்படவில்லை’ மறைந்து, அரியலூர் என்று ஏறியது.

ருத்ரன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை முழுக்கப் படித்தார். மறுபடியும் படித்தார். வெளியே தெருவில் யாரோ யாரையோ சத்தமாகக் கூப்பிட்டார்கள். செய்தி ஊருக்குள் போக ஆரம்பித்திருக்கலாம். அல்லது வேறு எதற்காகவோ இருக்கலாம்.

“அந்த ஸ்ட்ரோக்கை அடிச்சது யாரு?” என்று கேட்டார்.

மகிழினி நிமிர்ந்தாள். அந்த ஆட்டத்தைப் பற்றி அவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது. இத்தனை வருடமும் அவர் சொல்லுவார், அவள் தலையாட்டுவாள். இல்லையென்றால் அவள் சொல்லுவாள், விட்ட இடத்தை அவர் எடுத்துக் கொடுப்பார்.

அவள் வாயைத் திறந்தாள். நினைவில் குட்டை முடியோடு ஒருத்தி வந்தாள். அவள் இறுதியாட்டத்துக்காரியா, அரையிறுதிக்காரியா என்று தெரியவில்லை. முழங்காலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அது அவள் முழங்காலா, தன் முழங்காலா என்பதும் தெரியவில்லை.

“தெரியலங்க.”

“எந்தப் பக்கம் அடிச்சா?”

“நான் இடது பக்கம் போனேன். போனேன்னுதான் நினைக்கேன். இல்ல, அது நீங்க சொன்னது. நான்... நான் நகரவே இல்லையோ என்னவோ.”

ருத்ரன் திருத்தவில்லை. எடுத்துக் கொடுக்கவும் இல்லை. நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

“அவசரமில்ல,” என்றார். “தெரிஞ்ச வரைக்கும் சொல்லு.”